சில்வராடோவின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்: வடிந்ததை அளந்து பாருங்கள்

1999 முதல் 2006 வரை வந்த செவர்லே சில்வராடோ 1500, ஜிஎம்சி சியரா 1500 பிக்கப்களில், டேஷ்போர்டில் ‘ஆட்டோ’ ஃபோர் வீல் பட்டன் இருந்தால் அடியில் இருப்பது என்பி 246 டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. சந்தேகம் இருந்தால் கிளவ் பாக்ஸைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் குறியீட்டு லேபிளில் ‘என்பி8’ என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வண்டிகள் பல இன்றும் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த கேஸைப் பொறுத்தவரை என் தீர்ப்பு: செயின், கியர், கிளட்ச் எல்லாமே நீண்ட நாள் உழைக்கும். ஆயில் தீர்ந்துபோனால்தான் சாகும். ஆயில் தீர்வதோ பெரும்பாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடக்கும்.

முதலில் ஆயில். இந்தக் கேஸுக்குள் சாதாரண கியர் மட்டும் இல்லை, ஆட்டோ மோடுக்காக ஒரு மல்டி பிளேட் கிளட்சும் இருக்கிறது. பின்சக்கரம் வழுக்கும்போது அந்தக் கிளட்ச்தான் முன் அச்சுக்கு விசையைக் கடத்துகிறது. அதற்கேற்ற உராய்வுத் தன்மையோடு தயாரித்தது ஆட்டோ டிராக் 2 என்ற நீல நிற ஆயில். ‘ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) போதும், எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லும் கடைகள் உண்டு, கேட்காதீர்கள். லீவர் போட்டு மாற்றும் கேஸ்களுக்கு டெக்ஸ்ரான் என்ற ஏடிஎஃப் சரி. இதில் ஊற்றினால் ஆட்டோ மோடில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி அதிரும், பிடித்து இழுக்கும். கொள்ளளவு சுமார் 1.9 லிட்டர். இரண்டு குவார்ட் பாட்டில் கணக்காகச் சரிவரும், மூன்றாவதை வாங்கி வைத்துக்கொண்டால் நிம்மதி.

தேவையான சாமான் கொஞ்சம்தான்: 10 மி.மீ. ஆலன் சாக்கெட், டார்க் ரென்ச், பாட்டிலில் மாட்டும் கைப்பம்பு, மூன்று லிட்டராவது பிடிக்கும் தட்டு, அளவுக்கோடு போட்ட பழைய ஜக் ஒன்று. கடைசியாகச் சொன்ன ஜக்கை மறந்துவிடாதீர்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, 2ஹை (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும்) மோடில் வைத்து அணையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் நியூட்ரலில் விட்டுவிடக் கூடாது. அப்போது கியரை பார்க்கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும், அடியில் படுத்திருப்பவருக்கு அது உயிர் ஆபத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக் தேவைப்படாது, இந்த உயரத்தில் ஆள் தாராளமாக நுழையலாம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் லெவல் தப்பாகக் காட்டும். அடித்தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேஸின் பின்பாதியில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு பிளக். எப்போதும் மேல் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு மேலது இறுகிப்போய்த் திறக்காவிட்டால், ஆயில் இல்லாத வண்டியோடு அங்கேயே உட்கார வேண்டியதுதான். ஆலன் துவாரத்தில் சேறும் உப்பும் அடைத்திருக்கும். கூர்மையான கம்பியால் சுரண்டி, சாக்கெட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி முழு ஆழம் போன பிறகுதான் திருகுங்கள். பாதி ஆழத்தில் வைத்துத் திருகினால் துவாரம் வட்டமாகிவிடும்.

மேல் பிளக்கைத் திறந்த உடனேயே ஆயில் கொட்டினால் சந்தோஷப்படாதீர்கள். நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ ஊதா கலந்தோ இருந்தால் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது, கியர்பாக்ஸ் ஆயில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. இங்கே மிகுந்த அளவு அங்கே குறைந்திருக்கும். சீலை மாற்றாமல் புது ஆயில் ஊற்றுவது காசை வடிகாலில் விடுவதற்குச் சமம்.

பிறகு கீழ்ப் பிளக். பதினைந்து நிமிடம் முழுதாக வடியட்டும். வடிந்ததை ஜக்கில் ஊற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வேலையின் உண்மையான பயன் இதுதான், பெரும்பாலான கடைகள் செய்யாததும் இதுதான். 1.7 லிட்டருக்கு மேல் வந்தால் கவலை வேண்டாம், மீதி உள்ளே ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர், அரை லிட்டர் என்று வந்தால், அதுவும் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லாத வண்டியில் வந்தால், கேஸில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறைக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த பெயர் ‘பம்ப் ரப்’. கேஸின் இரு பாதியும் மெக்னீசியம். எடை குறைவு, ஆனால் மென்மையான உலோகம். உள்ளே பின்பக்கத் தண்டின் மேல் ஓர் ஆயில் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. பம்பின் உள்சக்கரம் தண்டோடு சுற்றும். பம்பின் உடல் சுற்றாமலிருக்க, அதன் காதுகள் (வெளியே நீட்டியிருக்கும் முனைகள்) கேஸின் சுவரில் முட்டி நிற்கும். ஓடும்போதெல்லாம் அந்தக் காது அதிர்ந்து அதே இடத்தைத் தேய்க்கிறது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்து ஊசிமுனை அளவு துவாரம் விழும். அந்தத் துவாரம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால் நிற்கும்போது ஒழுகாது. ஓடும்போது மட்டும் சுழலும் ஆயில் அதன் வழியே தெறித்து வெளியேறும். தரையில் கறை தேடும் பழக்கம் இங்கே உதவாது. கேஸின் பின்பாதி, அதற்குப் பின்னால் உள்ள அடிப்பாகம், சிலவற்றில் டெயில்கேட் வரை மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். அதில் தூசி ஒட்டிக் கறுத்திருப்பதைத் தேடுங்கள்.

பழைய ஆயில் கறுத்திருப்பது இயல்பு, கிளட்ச் தூள் அது. வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தால் வெள்ளி மினுமினுப்பு தெரிகிறதா? அது மெக்னீசியம், தேய்மானம் தொடங்கிவிட்டது. ஓட்டை விழும் முன்னே தெரிந்தால் அதிர்ஷ்டம். கேஸை இறக்கிப் பிரித்து, காது முட்டும் பரப்பு அகலமான மாற்றுப் பம்ப் கிட் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஓட்டை விழுந்த பின்பாதியை அநேகமாக மாற்றத்தான் வேண்டும். வெளியிலிருந்து எபாக்ஸி பூசினால் வீடு போய்ச் சேரலாம். உள்ளே தேய்ப்பது நிற்காது. இதைப் புறக்கணித்து வறட்சியாக ஓட்டிய கேஸில் செயின் நீண்டு, 4ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மோடில்) ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ‘டம்’ என்று அடிக்கும். பிறகு பின் பேரிங் போகும். அதன்பின் ஆயில் பேச்சே இல்லை, முழு கேஸ்தான்.

ஓட்டையோ மினுமினுப்போ இல்லையென்றால் கீழ்ப் பிளக்கைத் துடைத்துப் போட்டு 20 நியூட்டன் மீட்டர், அதாவது 15 அடி-பவுண்ட் மட்டும் இறுக்குங்கள். கையின் பலத்தைக் காட்டும் இடம் இது அன்று. மெக்னீசியத்தில் மரை போனால் ஹெலிகாயில் என்ற மரைச் சுருள் போட வேண்டிவரும். பம்பால் ஆயிலை ஏற்றி, மேல் துவாரத்தின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நின்ற பின் மூடுங்கள். அதே 20.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? 80,000 என்பது உச்சவரம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம் முழுக்க ஆட்டோ மோடிலேயே விட்டு ஓட்டுபவர்களும் டிரெய்லர் இழுப்பவர்களும் 50,000-த்தில் மாற்றுவது நல்லது. ஆட்டோவில் ஓட்டும்போது முன் டயர் தேய்ந்தும் பின் டயர் புதிதாகவும் இருந்தால், வேக வித்தியாசத்தைக் கிளட்ச்தான் ஓயாமல் வழுக்கிச் சமாளிக்கும். ஆயில் சீக்கிரம் வெந்துபோகும். ஆயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நான்கு டயரையும் இடம் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய விடுங்கள். காய்ந்த நெடுஞ்சாலையில் 2ஹை போதும்.

மெதுவாகத் திரும்பும்போது வரும் அதிர்வு, கிளட்ச் கருகாமல் இருந்தால், புது ஆயில் போட்டுச் சில நாள் ஓட்டியதும் குறைந்துவிடும். ஆனால் ‘சர்வீஸ் ஃபோர் வீல்’ விளக்கு எரிவதற்கு ஆயில் மருந்தாகாது. அதில் முதலில் பார்க்க வேண்டியது கேஸின் பக்கத்தில் மாட்டியிருக்கும், மோடை மாற்றும் என்கோடர் மோட்டாரும் அதன் சென்சாரும்.

முடித்த பின் முப்பது கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு பிளக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வோர் எஞ்சின் ஆயில் மாற்றத்தின்போதும் மேல் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை விடுங்கள். விளிம்பிலேயே ஆயில் தொட்டால் மூடிவிட்டு வாருங்கள். விரலை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அன்றைக்கே விளக்கைப் பிடித்துப் பின்பாதியைத் துடைத்துப் பாருங்கள்.