வீட்டுக்குள் கார் ஸ்டீரியோ: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ ஒன்று சில வருடங்களாக என் அறையில் பாடிக்கொண்டிருக்கிறது. செட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாகப் பாடுகிறது. சமாச்சாரமெல்லாம் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில்தான்.

முகப்பில் 4 x 50 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது உச்சக் கணக்கு. தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட் அளவில்தான் இருக்கும். அறைக்குள் மிதமான சத்தத்துக்கு ஓரிரு ஆம்பியர் போதும். ஆனால் வால்யூமைக் கூட்டினால் பேஸ் விழும் நேரத்தில் சட்டென்று பல மடங்கு இழுக்கும். ரவுட்டருடன் வரும் 1 ஆம்பியர் அடாப்டரெல்லாம் இதற்கு ஆகாது. டிரம் அடிக்கு அடி டிஸ்ப்ளே மங்கும், செட்டே அணைந்து எழும்.

நான் முதலில் வைத்திருந்தது 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை அதிவேகமாக ஸ்விட்ச் செய்து 12 வோல்ட் டிசியாக மாற்றும் சப்ளை. எல்இடி பட்டைகளுக்குப் போடுவார்களே, அந்த ஓட்டை போட்ட தகரப் பெட்டி. டெர்மினல் பக்கத்தில் உள்ள சிறு திருகை, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினால் 13.8 வோல்ட் வரை ஏறும். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் ஒன்று: வீட்டுக் கரண்ட் வரும் முனைகள் அதில் திறந்தே கிடக்கும். மூடி போடாமல், எர்த் கொடுக்காமல் ப்ளக்கில் சொருகவே கூடாது.

செட்டின் பின்னால் வரும் மஞ்சள் ஒயரையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடுவது பலருடைய வழக்கம். செட் பாடும், சரி. ஆனால் கடிகாரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைத்திருப்பது மஞ்சள், செட்டை எழுப்புவது சிவப்பு. மஞ்சளை நேராகக் கொடுத்து, சிவப்பின் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன். அதற்காக சப்ளையை நாள் முழுக்க ஆனிலேயே விட மனம் வரவில்லை. சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவதால் கடிகாரம் எப்போதும் தப்பு நேரம்தான் காட்டும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

உண்மையான தலைவலி எஃப்எம். யுஎஸ்பியில் துல்லியமாகப் பாடும் அதே செட், ரேடியோவுக்குப் போனால் சரசரவென்று இரையும். ஏஎம் சுத்தமாக அவுட். காரணம் எஸ்எம்பிஎஸ் கக்கும் இரைச்சல். 75 சென்டிமீட்டர் ஒயரை ஆன்டெனாவாக ஜன்னல் ஓரம் தொங்கவிட்டு, பெட்டியைத் தள்ளி வைத்ததில் பலமான ஸ்டேஷன்கள் மட்டும் தெளிந்தன. கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி 13.8 வோல்ட் சப்ளைக்கு மாறினேன். அம்மிக்கல் கனம், தொட்டால் சூடு, ஆனாலும் ரேடியோ கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பாட்டு மட்டும் போதும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸே தாராளம்.

ஸ்பீக்கர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் ஒயர்களில் கறுப்புக் கோடு போட்டவை மைனஸ்தான், ஆனால் கிரவுண்ட் இல்லை. நான்கையும் ஒன்றாகக் கட்டினாலோ செட்டின் உலோக பாடியில் சேர்த்தாலோ உள்ளே ஸ்பீக்கர்களை ஓட்டும் சிப்பான ஆம்ப் ஐசி போய்விடலாம். வீட்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைத் தாராளமாக மாட்டலாம்; 4 ஓமில் கிடைப்பதில் பாதி பவர்தான் வரும், அறைக்கு அதுவே அதிகம். கார் ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு பேஸ் இல்லையே என்று செட்டைக் குறை சொல்லாதீர்கள்.