எக்ஸாஸ்ட் காற்றாடியும் எதிர்வீட்டுப் பிலாச்சானும்

போன வாரம் குளியலறைக் காற்றாடி 'கர்ர்' என்று முனகிவிட்டு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து ஒயர்மேன் தம்பி வந்தார். கெப்பாசிட்டரை மாற்றி, இறக்கையில் அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து, 45 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே சுங்கைப்பட்டாணியிலிருந்து மச்சான் போன் போட்டார்: "நீங்க வச்சிருக்கிற அதே காற்றாடி இப்ப 79 வெள்ளிக்கு இறங்கியிருக்கு, வாங்கவா?" நான் 2021-இல் 129 கொடுத்து வாங்கியது. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிளாட் பாயா தெருபோங்கில், மலையை ஒட்டி இருக்கிறது. பினாங்கு முழுக்க மழை நின்ற பிறகும் எங்கள் பக்கம் ஓதம் போகாது. ஏர்கான் போடுவதற்காகப் படுக்கையறை, கூடம், அடுப்படி எல்லாவற்றிலும் நாக்கோ ஜன்னலை (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல்) கழற்றிவிட்டு இழுக்கும் கண்ணாடி போட்டாயிற்று. படுக்கையறையோடு ஒட்டிய குளியலறையில் மட்டும்தான் பழைய நாக்கோ. குளித்து முடித்தால் கண்ணாடியில் முகம் தெரியாது. கூரை மூலையில் கரும்புள்ளிகள். அலமாரியில் தொங்கிய தோல் பெல்ட் பச்சை பூத்துப் போனது. ஒருநாள் மனைவி தன் கூறைப்புடவையை எடுத்து, பூஞ்சை பிடித்த மடிப்பு மேலே தெரியும்படி என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே ஹார்ட்வேர் கடைக்குப் போனேன்.

நாக்கோவில் இரண்டு கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பலகை அடித்து, 8 அங்குலக் காற்றாடியைப் பொருத்தினோம். அரை நாள் வேலை.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. நல்ல காற்றோட்டம்தானே என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். அலமாரியின் முதுகு முன்பைவிட அதிகமாக வேர்த்தது! 12 வெள்ளிக்கு ஓர் ஈரமானி வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. குளிர்நாட்டில் ஜன்னலைத் திறந்தால் வறண்ட காற்று உள்ளே வரும். நம் ஊரில் விடியற்காலையில் வெளியே ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்று 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். நான் ஏர்கானை 18-இல் வைத்துச் சுவரை ஐஸ் பெட்டிபோல ஆக்கிவிட்டு, காற்றாடியை விட்டு வெளியேயிருந்து ஈரக்காற்றை விடிய விடிய உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். சுவர் வேர்க்காமல் என்ன செய்யும்?

இப்போது ஏர்கான் 25. அலமாரி சுவரைவிட்டு நான்கு விரல் தள்ளி நிற்கிறது. குளிக்கும்போதும், குளித்த பின் இருபது நிமிடமும் மட்டும்தான் காற்றாடி. மழைநாளில் குளியலறைக்குள் கொடி கட்டித் துணி காயவைத்தால், காயும்வரை ஓடும். ஒரு கூடை ஈரத்துணியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அது அங்கேயே பிடிபட்டு வெளியே போனால்தான் அலமாரி தப்பிக்கும். இந்த வேலையை மூன்று வருடமாகக் குறைசொல்ல முடியாதபடி செய்கிறது. கூரையைப் பிளீச் போட்டுத் துடைத்து வெள்ளையடித்தேன், அதற்குப் பிறகு புள்ளி வரவில்லை. படுக்கையறையில் 84 காட்டிக்கொண்டிருந்த ஈரமானி இப்போது 70-ஐ ஒட்டியே நிற்கிறது.

இன்னும் இரண்டு கோமாளித்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காற்றாடிக்குப் பக்கத்து நாக்கோவையும் திறந்து வைத்திருந்தேன். அது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றையே இழுத்து வெளிக்கே தள்ளிக்கொண்டிருந்தது, அறைக்குள் ஒன்றும் அசையவில்லை. அப்புறம், கரப்பான் வரக்கூடாது என்று குளியலறைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தேன். உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எதை வெளியே தள்ளும்? டிஷ்யூ காகிதத்தைக் காற்றாடி வாயில் வைத்துப் பார்த்தால் நழுவி விழுந்தது. பட்டையைக் கிழித்தெடுத்ததும் 'பச்'சென்று ஒட்டிக்கொண்டது.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. குளியலறைக்குள் வருகிற காற்று படுக்கையறையிலிருந்து, படுக்கையறைக்குக் கூடத்திலிருந்து. கூடத்துக்கு? ஜன்னலெல்லாம் இறுக்கமாக மூடியிருக்கிற வீட்டில் பெரிய ஓட்டை வாசற்கதவின் அடிப்பகுதிதான். அதற்கு வெளியே பொது நடைபாதை. நடைபாதையில் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவின், எங்கள் மக்சிக்கின், அடுப்படி ஜன்னல்.

நான் வேலை முடிந்து வந்து குளிப்பது ஏழு மணிக்கு. மக்சிக் சம்பலுக்குப் பிலாச்சான் என்கிற புளித்த இறால் விழுதைச் சுடுவதும் ஏழு மணிக்கு. காற்றாடியைத் தட்டினால் போதும், அந்தப் புகை கதவிடுக்கில் நுழைந்து, சோபாவைத் தடவி, மெத்தைக்கு மேலே தவழ்ந்து, சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து சேரும். பிலாச்சான்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் கொடுத்தனுப்பும் சம்பலை நான்தான் வழித்துச் சாப்பிடுவேன். ஆனால் சோற்றில் இருக்கவேண்டியது தலையணையில் இருந்தால் எப்படி?

வாசற்கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். காற்றாடி மூச்சுத் திணறிக் கண்ணாடி மறுபடி வேர்த்தது. அடுப்படி ஜன்னலை இரண்டு விரல் திறந்தால் நாற்றம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் இங்கே சாயங்காலம் மழை கொட்டும்போது அந்த இரண்டு விரலில் சாரல் உள்ளே வந்து அரிசி டப்பாவரை நனைக்கும். ஆக ஒன்று மழை, இல்லையென்றால் பிலாச்சான். மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. பெட்டியின்மேல் 'அமைதியான இயக்கம்' என்று போட்டிருந்தார்கள். அது உண்மைதான், சத்தமே கிடையாது. எதிர்வீட்டு அடுப்படி கூடவே வரும் என்று எவனும் போடவில்லை.

மச்சானிடம் வாங்கவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருடையது பழைய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு. ஜன்னலுக்கு மேலே ஓட்டைக்கல் வைத்துக் கட்டியது. குளியலறை ஓட்டைகளைக் கொசுவுக்குப் பயந்து அவரே சிமெண்ட் பூசி அடைத்தார். உளியை எடுத்து முதலில் அதைத் திறக்கட்டும், காசு செலவில்லை.

"அப்புறம் ஏன் மச்சான் நீங்க 45 வெள்ளி கொடுத்து ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டார். காற்றாடி நின்றிருந்த அந்த இரண்டு நாளும் மனைவி குளித்துவிட்டு வந்து, வேர்த்த கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதை மச்சானிடம் சொல்லவில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதற்குமேல் கொடுக்க இப்போது மனசு வரவில்லை. மணி ஏழேகால்.