பாய்லர் ஜாபா, ராக்கெட் ஜாபா? ராணிப்பேட்டை பட்டறைக் கணக்கு

சின்ன செயற்கைக்கோள்களுக்கு ராக்கெட் செய்யும் தனியார் கம்பெனிகளின் ஜாபை, அதாவது கூலிக்குப் பாகம் வெட்டித் தரும் வேலையை, எடுக்கலாமா, இல்லை பாய்லர் வேலையோடே இருந்துவிடலாமா? சிப்காட் பக்கம் டீக்கடையில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. நாங்கள் ஒரு சிஎன்சியை (கணினி சொல்படி வெட்டும் மெஷின்) ராக்கெட் ஜாபுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

பாய்லர் பக்கம் நம் ஊருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொதுத்துறை நிறுவனமான பெல்லின் ஆலையை ஒட்டி வளர்ந்த பட்டறைகள் இஎஸ்பி (புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் பெட்டி), ஃபேன், டக்ட் (காற்றும் புகையும் போகும் தகட்டுக் குழாய்), டேம்பர் (அதைத் திறந்து மூடும் மடல்) என்று தகட்டு வேலையில் பிழைப்பவை. பெரும்பாலும் கூலி எடைக்கணக்கில். அனல்மின் நிலைய ஆர்டர் இருந்தால் ராத்திரியெல்லாம் வெல்டிங் வெளிச்சம். வற்றினால் ஷட்டர் இறங்கும்.

ராக்கெட் பக்கம் எண்ணிக்கை குறைவு. ஐதராபாத் ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் 2022 நவம்பர் 18-லும், சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுலின் அக்னிபான் சோதனை ராக்கெட் 2024 மே 30-லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தன. இரண்டுமே சுற்றுப்பாதையைத் தொடாத வெள்ளோட்டங்கள். இந்த வகை வேலையில் டிராயிங்குக்கு நாலு பீஸ், ஆறு பீஸ் என்றுதான் வரும். அடுத்த முறை வரும்போது டிராயிங்கே மாறியிருக்கும்.

"எஞ்சினையே ஒரே துண்டாக 3டி பிரிண்ட் பண்றாங்களே, லேத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. பிரிண்டாகி வரும் பாகத்தின் மேல்தோல் சொரசொரவென்றிருக்கும். ஃபிளாஞ்ச் என்ற இணைப்பு விளிம்பின் முகம், கசிவு தடுக்கும் ஓ-ரிங் உட்காரும் காடி, மரை எல்லாம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பொருளும் லேசுப்பட்டதல்ல. இன்கோனல் என்ற சூடு தாங்கும் நிக்கல் கலவையில் டூல் வெட்டாமல் உரசினால் அந்த இடமே இறுகிப்போகும், அடுத்த வெட்டில் இன்சர்ட் (டூலின் வெட்டு நுனி) போய்விடும். நடு வெட்டில் கரண்ட் போனால் ஆபரேட்டர் முகத்தைப் பார்க்க முடியாது.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். என் கணக்கில் தீர்ப்பு சொல்வது ஹீட் நம்பர்தான். உருக்காலையில் எந்த உலைவார்ப்பில் வந்த கம்பி என்று காட்டும் எண் அது. டக்ட் தகட்டில் அளவும் வெல்டும் சரியாக இருந்தால் பில் பாஸ். ராக்கெட் பாகத்தில் அளவு மைக்ரான் பிசகாமல் இருந்தாலும், இது எந்தக் கம்பியிலிருந்து வெட்டியது என்று காட்ட முடியாவிட்டால் அது ஸ்கிராப். எண் கம்பியின் ஒரு முனையில் மட்டும் இருக்கும். அதனால் ரம்பம் வைக்கும் முன்பே மீதித் துண்டிலும் அதைப் பஞ்ச் அடிக்க வேண்டும். லேத்தில் கடையும்போது எண் அடித்த முகம் போகுமென்றால் பீஸோடு டேக் கட்ட வேண்டும். உருக்காலை தரும் மில் சர்டிபிகேட், சிஎம்எம் (துல்லியமாக அளவெடுக்கும் மெஷின்) ரிப்போர்ட், எந்த மெஷினில் யார் ஓட்டினார் என்ற சீட்டு எல்லாம் பீஸோடு பயணப்படும். எங்களிடம் இதற்கென்றே ஒரு பெண் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் ரம்பம் ஓடாது.

இந்தச் சம்பளம் தண்டம் என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒத்துப்போகவில்லை. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் கூலியை எடைக்குப் பேசாமல் மெஷின் மணிக்குப் பேச முடிகிறது. வால்வு கம்பெனி, பம்பு கம்பெனி ஆடிட்டுக்கு வந்தாலும் அதே ஃபைலைத்தான் எடுத்து வைக்கிறோம். பாய்லர் தகடு எத்தனை வருஷம் அடித்தாலும் அந்தக் கதவு திறக்காது.

எனக்கு அனுபவம் குறைவான இடம் பணம். நாங்கள் செய்தவை பெரும்பாலும் தரைச் சோதனைக்கான பாகங்கள். இந்தக் கம்பெனிகள் முதலீட்டாளர் பணத்தில் ஓடுபவை, அது தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் விர்ஜின் ஆர்பிட் உதாரணம். 2023 ஜனவரியில் ஒரு ஏவுதல் தோற்றது, ஏப்ரலில் திவால் மனு. இப்படி நடந்தால் கடன்காரர் வரிசையில் பட்டறைக்காரன் பின்னால்தான் நிற்பான். இந்த விஷயத்தில் பொதுத்துறை ஆர்டர் எவ்வளவோ தேவலை: பணம் தாமதமாகலாம், காணாமல் போகாது.

திரும்பத் திரும்ப ஒரே ஆர்டர் வருமா என்பதும் பார்க்க வேண்டியது. 500 கிலோ தூக்கும் இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் தொழில்நுட்பத்தை 2025-இல் பொதுத்துறை விமானக் கம்பெனியான எச்ஏஎல் 511 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்திருக்கிறது. சின்ன ராக்கெட்டுகளுக்கென்று தூத்துக்குடி மாவட்டத்தில் வரும் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கிருந்து வரிசையாக ராக்கெட் கிளம்பினால் நாலு பீஸ் நாற்பதாகலாம். அதை நம்பி இப்போதே இரண்டாவது மெஷினுக்கு லோன் போட நான் தயாரில்லை.

சிஎம்எம் வசதியோ, அதைப் பக்கத்தில் வாடகைக்குப் பிடிக்க வழியோ இல்லாதவர்கள் பாய்லரிலேயே இருப்பது நல்லது. ராக்கெட் ஜாப் எடுப்பவர்கள் இரண்டு நிபந்தனையை விடாதீர்கள்: மெட்டீரியல் ராக்கெட் கம்பெனியுடையது, பாதிப் பணம் முன்னால். ஒத்துக்கொள்ளாதவர்களின் டிராயிங்கை நாங்கள் விலை போடாமலே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.