சீன வேர் தேட: கல்லறையா, கொங்சியா, டிஎன்ஏவா?

பினாங்கில் பிறந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் என் சீனத் தோழி, முன்னோரின் ஊரைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், முதலில் உன் கொள்ளுத்தாத்தா கல்லறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். எல்லாத் தேடலுக்கும் வேண்டியது இரண்டுதான்: சீன எழுத்தில் குடும்பப் பெயர், அப்புறம் பூர்வீக ஊர். ஆங்கில எழுத்தை நம்பவே கூடாது. 'தான்', 'சான்', 'சின்', 'சென்' என்ற பெயர்கள் எல்லாம் ஒரே சீன எழுத்தாக இருக்கலாம். ஆனால் 'ங்' என்ற பெயர் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் ஒரு குலம், கன்டனீஸ் என்ற இன்னொன்றில் வேறு குலம்.

கல்லறைதான் என் முதல் தேர்வு. பழைய கல்லில் ஊர்ப்பெயர், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், தேதி எல்லாம் இருக்கும். ஆண்டு 'மின்குவோ 25' என்று, அதாவது சீனக் குடியரசு ஆண்டுக் கணக்கில், இருந்தால் 1911ஐக் கூட்டுங்கள், 1936. முன்னோர் கல்லறைகளுக்குப் போய்க் கும்பிடும் செங்பெங் நாள் சமயத்தில் அவளுடைய மாமா போய், தேய்ந்த எழுத்தில் தண்ணீர் தெளித்து, வெயில் சாய்ந்த பிறகு படம் எடுத்தார். 'யின்தோங்' என்று இருந்தது. அப்படி ஓர் ஊரே வரைபடத்தில் இல்லை என்று அவள் சோர்ந்துபோனாள், ஆனால் அது இன்று தென்கிழக்குச் சீனாவின் ஷியாமென் நகரோடு சேர்ந்துவிட்ட தோங்ஆனின் பழைய பெயர். இப்படிப் பெயர் மாறிய ஊர்கள் நிறைய. 1914 வரை தென்சீனாவின் தைஷானுக்கே ஷின்னிங் என்றுதான் பெயர். தள்ளிப்போடாதீர்கள், கல்லறைகள் போய்க்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரின் புக்கிட் பிரௌன் இடுகாட்டில் சாலை போட மூவாயிரத்துக்கும் மேல் தோண்டி எடுத்தார்கள்.

கொங்சி, அதாவது குலச் சங்கம், அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பினாங்கில் 'கூ' குலத்தாரின் கொங்சிக்காரர்கள் ஷியாமென் பக்கத்து சின்ஆன் என்ற ஒரே கிராமத்து வழியினர் என்பதால் ஊர் தேடும் வேலையே இல்லை. பெயர் மட்டும் ஒன்றாக இருந்து பல ஊர்க்காரர்கள் சேர்ந்த சங்கம் என்றால் அவ்வளவு எளிதில்லை. கல்லறைப் படத்தோடு நேரில் போய்ப் பெரியவர்களைக் கேட்பதுதான் வழி.

சூப்பு எனப்படும் வம்சாவளி நூல்தான் உண்மையான புதையல், இருபது தலைமுறைக்கு மேலும் போகும். 1966க்குப் பிறகு கலாசாரப் புரட்சியில் ஏராளமானவை எரிந்தன. தப்பியவற்றில் பெரிய தொகுப்பு ஷாங்காய் நூலகத்தில் இருக்கிறது, பேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்திலும் நிறைய இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ஊர் தெரியாமல் அதில் இறங்குவது, மதுரைக்குப் போய் முருகன் வீடு எது என்று கேட்பது மாதிரி. எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான பழைய நூல்களில் மகள்கள் இல்லை, மனைவியைக் குறிப்பதும் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரால் மட்டும்தான்.

அமெரிக்கா போன குடும்பம் என்றால் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சீனர் குடியேறுவதைத் தடுத்த 1882 விலக்குச் சட்டத்தின் கோப்புகளைப் பாருங்கள். வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்து எழுதியிருப்பார்கள். பொய்ப் பெயரில் வந்தவர்களும் உண்டு, அதனால் கோப்பில் உள்ள குடும்பப் பெயரே உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிஎன்ஏ என் கணக்கில் கடைசி. அந்த நிறுவனங்களின் தரவில் சீனாவுக்குள் இருப்பவர்கள் மிகக் குறைவு, தென்சீனம் என்று பொதுவாகச் சொல்லும், ஊரைக் காட்டாது. ஆனால் மலாயாவில் கைக்குழந்தையாகத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டு, தமிழ் பேசி, சேலை கட்டி வளர்ந்த சீனப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் குடும்பக் கல்லறை தெரியாது, கொங்சி இல்லை, சூப்புவில் பெயர் இருக்க வழியே இல்லை. உங்கள் அம்மாவோ பாட்டியோ அப்படி வந்தவர் என்றால் பழைய பிறப்புப் பத்திரத்தில் சீனப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் டிஎன்ஏவுக்குப் போங்கள், அவர் உயிரோடு இருந்தால் உங்கள் எச்சிலை அல்ல, அவருடையதைக் கொடுங்கள்.