ஃபோர்க்கைப் பிரிக்கக் கொடுக்கும் முன் படியுங்கள்: "சஸ்பென்ஷன் பேக்கேஜ்" என்ற பேரில் நடந்த ஏமாற்று

"சஸ்பென்ஷன் டியூனிங் பேக்கேஜ்" என்று பேசி பைக்கின் முன் ஃபோர்க்கைப் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாய்) பிரிக்கச் சொல்லும் கடைகள் சென்னையில் நிறைய வந்துவிட்டன. அப்படி ஒரு கடை என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு 9,800 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஏலகிரி இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்காமல் போனதே, அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

அவர்கள் செய்வதாகச் சொன்னவை: இறக்குமதி ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங் ஒரு ஜோடி, புது ஆயில் சீல் (ஃபோர்க் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), டஸ்ட் சீல் (தூசியைத் தடுப்பது), இறக்குமதி ஃபோர்க் ஆயில், என் எடைக்கு ஏற்ற செட்டிங். ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங் என்றால் சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளி விட்டும் இருக்கும். சின்ன மேடு பள்ளத்துக்கு மென்மையாக அமுங்கும், பெரிய குழியில் இறுகிக்கொள்ளும். நல்ல பொருள்தான். உண்மையிலேயே போட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவையிருக்காது.

வண்டியை எடுத்த அன்றே முன்பக்கம் கட்டையாக இருந்தது. வேகத்தடையில் ஏறினால் அடி நேரே மணிக்கட்டுக்கு வந்தது. அடுத்தடுத்து குழி வந்தால் ஃபோர்க் மேலே எழும்ப நேரமில்லாமல் அமுங்கியபடியே நின்றது. போன் செய்து கேட்டேன். "புது ஸ்பிரிங் ப்ரோ, செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஓடணும்" என்றார்கள். பழைய ஸ்பிரிங்கைக் கேட்டதற்கு, "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் ஏலகிரி. அங்கே மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதி வழியில் முன் லீவரைப் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. பின் பிரேக்கையும் முதல் கியரையும் வைத்து ஓரங்கட்டிப் பார்த்தால், டிஸ்க் முழுக்க எண்ணெய். ஹிமாலயனின் ஃபோர்க்கில் ரப்பர் பூட் இருக்கிறது. புழுதி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான், ஆனால் சீல் கசிந்தாலும் அது மறைத்துவிடும். பூட் நிரம்பி எண்ணெய் வெளியே வழியும் வரை நம் கண்ணுக்கே தெரியாது. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, மெதுவாக உருட்டிக் கீழே கொண்டுவந்து சேர்த்தேன்.

வீட்டில் நானும் நண்பரும் சேர்ந்து ஃபோர்க்கைக் கழற்றினோம். கழற்றும் முன்பே போனை ஸ்டாண்டில் வைத்து, முதல் போல்ட்டிலிருந்து வீடியோ எடுத்தோம். இதற்குமுன் ஃபோர்க் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் தனியாக இறங்க வேண்டாம். மேல் மூடியின் கீழே ஸ்பிரிங் அமுங்கி நிற்கும், கடைசி மரையில் மூடி முகத்துக்குப் பறந்து வரும். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே திருக வேண்டும்.

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு பிவிசி பைப் துண்டு. வீட்டுக் குழாய்க்குப் போடுவோமே, அதே பைப், ஹாக்சாவால் கோணலாக அறுத்தது. சொந்தமாக வேலை செய்பவர்கள் பிரீலோடு ஏற்றுவதற்கு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதற்குப் பிவிசி துண்டு வைப்பது உண்டு, அதில் தவறில்லை. அந்தத் துண்டுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்தான் ஏமாற்று. கம்பெனி ஸ்பேர் கவுன்டரில் புது ஸ்பிரிங் ஜோடி வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கம்பியின் தடிமன், சுருள் எண்ணிக்கை, நீளம் எல்லாம் அப்படியே ஒன்றுதான். என் பழைய ஸ்பிரிங்கையே துடைத்து, மேலே பைப் வைத்து, "இறக்குமதி" என்று விலை போட்டிருக்கிறார்கள்.

ஆயில் அதைவிட மோசம். கருப்பாக, கருகிய வாடையோடு வந்தது. ஃபோர்க்கில் எரிவதற்கு எதுவுமில்லை. அங்கே ஆயில் பழசானால் சாம்பல் நிறமாகும், உலோகத் துகள் மினுக்கும், ஆனால் எரிந்த வாடை வராது. அது யாரோ ஒருவர் வண்டியிலிருந்து இறக்கிய என்ஜின் ஆயில் என்றுதான் நானும் நண்பரும் முடிவுக்கு வந்தோம். கசிந்த பக்கத்தில் அளவு குறைந்திருந்தது, அது புரிகிறது. கசியாத பக்கத்திலோ மேனுவல் சொல்லும் அளவைவிட மிக அதிகமாக ஊற்றியிருந்தார்கள். ஆயிலுக்கு மேலே விடும் காற்று இடைவெளியும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் ஏற ஏற அந்த இடம் சுருங்கும், பெரிய குழியில் அழுத்தம் எகிறும், கடைசியில் சீல் பிதுங்கும். கெட்டியான ஆயில் டேம்பர் துளைகளில் (ஃபோர்க்கின் அசைவை மட்டுப்படுத்தும் சிறு துளைகள்) சீக்கிரம் ஓடாது. முன்பக்கம் கட்டையாக இருந்ததற்கும் சீல் போனதற்கும் இதுவே போதுமான காரணம். சீலில் கம்பெனி முத்திரையும் இல்லை, அளவு எண்ணும் இல்லை. பழைய சீலைக் கடைக்காரர்கள் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்ததில், சீல் உட்காரும் குழாயின் உள்விளிம்பு முழுக்கக் கீறல்.

"என் எடைக்கு ஏற்ற செட்டிங்" என்றார்களே, அதையும் அளந்தோம். ஹிமாலயன் 411-ன் முன் ஃபோர்க்கின் பயணம், அதாவது அது மேலும் கீழும் அசையும் தூரம், 200 மில்லிமீட்டர். நாம் வழக்கமான உடையோடு உட்கார்ந்தால் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்க வேண்டும், அதாவது 50 முதல் 65 வரை. சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்போது அச்சிலிருந்து, ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்ப் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லிக் கழிக்க வேண்டும். எனக்கு வந்தது 30 மில்லிமீட்டர்தான். ஒருமுறைகூட டேப் வைத்துப் பார்க்காமல் கொடுத்த "டியூனிங்" அது.

வீடியோவோடு கடைக்குப் போனேன். "நீங்களே கழட்டிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல ப்ரோ" என்று முடித்துக்கொண்டார்கள். பில் என்று கொடுத்திருந்தது "எஸ்டிமேட்" என அச்சடித்த துண்டுச் சீட்டு. வேலை கொடுக்கும் முன்பே ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். அதில் 15 இலக்கம் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடைய எண் என்று தெரிந்துவிடும். எனக்குக் கைகொடுத்தது யுபிஐ-யில் பணம் அனுப்பிய பதிவும், என்னென்ன போடுவோம் என்று அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலும்தான். அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஃபோர்க் வேலைக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஆயில் டின்னை உங்கள் கண் முன்னால் உடைக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அளக்காமல் கண்திட்டத்தில் ஊற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை உங்கள் சொத்து.

ஏற்கெனவே இப்படி ஒரு பேக்கேஜ் போட்டவர்கள் இன்றைக்கே ரப்பர் பூட்டின் கீழ் கிளிப்பைத் தளர்த்தி, உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடாமல் புதுசாக மாற்றிவிடுங்கள்.