ஜெல், காற்று மெத்தை, புது ஃபோம்: நீண்ட பயணத்துக்கு எது கைகொடுக்கும்?

நீண்ட தூரம் பைக் ஓட்டிவிட்டு இறங்கும்போது எங்கே வலிக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அடியில் இரண்டு இடத்தில் எலும்பு குத்துவதுபோல் வலித்து மரத்துப்போனால், அது அழுத்தத்தால் வருவது. உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பங்கை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள்தான் தாங்குகின்றன. அங்கே சதை நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. தொடை இடுக்கு எரிந்தால், அது வியர்வையும் உராய்வும் செய்த வேலை. டேங்க் பக்கம் சறுக்கிச் சறுக்கிப் பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருந்தால், சீட்டின் சாய்வு சரியில்லை. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஜெல் பேடைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். விரலால் அழுத்திப் பார்த்தால் அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் ஜெல் காற்றைப்போல் சுருங்காது, அழுத்தினால் பக்கவாட்டில் விலகும். மெல்லிய பேட் என்றால் எலும்புக்கு அடியிலிருந்து விலகிவிடும், பழைய சீட்தான் மிஞ்சும். இன்னொன்று, வெயில். உச்சி வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், பேன்ட்டையும் தாண்டிச் சுட்டது. ரெக்சின் சீக்கிரம் ஆறிவிடும், ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஜெல் போதும். நாள் முழுக்க ஓட்டுவதற்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

காற்று மெத்தை பார்ப்பதற்குச் சுமார்தான், வேலையில் கெட்டி. சிறு சிறு அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஓரிடத்தில் அழுத்தினால் காற்று அடுத்த அறைக்குப் போகும், அதனால் எடை பரவிவிடும். சக்கர நாற்காலியிலேயே பொழுதைக் கழிப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமல் காப்பதும் இதே முறைதான். இதை வாங்கியவர்களில் பலர் குறை சொல்வதற்குக் காரணம், பந்துபோல் ஊதிவிடுவதுதான். ஊதிவிட்டு மேலே உட்காருங்கள். வால்வைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் காற்று நின்றால் போதும். காற்று போதாததுபோல் தோன்றும், ஆனால் அதுதான் சரியான அளவு. மலை ஏறும்போது வெளியே காற்றழுத்தம் குறைவதால் மெத்தை உப்பும், அப்போது இன்னும் கொஞ்சம் விட வேண்டும். குறை இல்லாமல் இல்லை. வளைவுகளில் லேசாக மிதக்கிற மாதிரி இருக்கும். உயரமும் சற்றுக் கூடும், கால் எட்டாதவர்கள் யோசிக்க வேண்டும்.

மெஷ் (வலைத்துணி) கவரும் கம்பளி ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோலும் வேறு கட்சி. இவை அழுத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது, காற்றோட்டம் கொடுக்கும். எரிச்சல்தான் உங்கள் பிரச்சினை என்றால் இதிலேயே தீர்ந்துவிடும். கம்பளி நிறைய ஈரத்தை உறிஞ்சியும் நசநசவென்று ஆகாது, ஆனால் மழையில் ஊறினால் காய நாளாகும். மெஷ்ஷை உதறிப் போட்டால் போதும். அப்புறம், தடித்த தையல் உள்ள உள்ளாடையை மாற்றாமல் எந்தக் கவரைப் போட்டும் பலன் இல்லை.

இனி, சீட்டையே பிரித்துச் செய்வது. சாய்வுதான் கோளாறு என்றால் இதைத் தவிர வேறு வழி இல்லை, மேலே எதைப் போட்டாலும் அதுவும் சேர்ந்துதான் சறுக்கும். பழைய சீட்டில் எலும்பு படும் இடத்தைக் கட்டைவிரலால் ஊன்றி அழுத்துங்கள். அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம். புது ஃபோம் போடும்போது “நல்லா மெத்துனு வையுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மெத்தென்ற ஃபோம் சீக்கிரமே தட்டுவரை அமுங்கிவிடும். அடியில் கெட்டியான அடுக்கு, மேலே மட்டும் மென்மையான மெல்லிய அடுக்கு, இதுதான் நாள் முழுக்கத் தாங்கும். மெமரி ஃபோம் குளிரில் இறுகும், சூட்டில் தளரும். அதைத் தனியாக நம்ப வேண்டாம், மேலடுக்காக வைத்தால் சரி.

வெட்டும் வேலையில் அவசரம் கூடாது. ஃபோமை ஒட்டிச் செதுக்கியதும் ரெக்சினைத் தைக்க விடாதீர்கள். மேலே ஒரு துணியை இழுத்துக் கட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு வந்தால், அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் செதுக்கலாம். தைத்து முடித்த பிறகு இதைச் செய்ய முடியாது. உட்காரும் இடத்துக்கு நடுவே தையல் வர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஊசித் துளை வழியாக மழைநீர் இறங்கி ஃபோம் ஊறிவிடும். முடிந்தால் பழைய சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், எலும்பு வலிக்கு முதலில் காற்று மெத்தை. திருப்பிக் கழற்றிவிடலாம், அடுத்த வண்டிக்கும் ஆகும். ஒரே வண்டியை வருடக்கணக்காக ஓட்டப்போகிறீர்கள் என்றால் புது ஃபோம். ஃபோம் வேலைக்குக் கொடுக்கும் அன்று, வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் அழைத்துப் போங்கள். பின்சீட் பெரும்பாலும் இன்னும் குறுகலாக, இன்னும் மெல்லிய ஃபோமோடுதான் இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லாமல் அத்தனை மணி நேரமும் அதில் உட்கார்ந்து வருபவர் அவர்தான்.