காரணிகளுக்கும் பகா எண் சோதனைக்கும் பாரி/ஜிபி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கணிதம் கற்பிக்கும் எனக்குக் காரணிகள், மடங்குகள், பகா எண்கள் தொடர்பான கணக்குகளில் பல ஆண்டுகளாகத் துணையிருப்பது பாரி/ஜிபி என்னும் கட்டற்ற மென்பொருள். பிரான்சின் பொர்தோ நகரில் ஆன்றி கோஹனும் அவருடைய குழுவினரும் 1980-களில் தொடங்கிய இந்தப் பணி இன்றும் அங்கிருந்தே தொடர்கிறது. ஓர் எண் பகா எண் என்று நிறுவப்பட்டுவிட்டதா, அல்லது சோதனைகளில் தேறியிருக்கிறதா என்பதை இது தனித்தனியே கேட்க விடுகிறது. இதை நான் கைவிடாமல் வைத்திருப்பதற்கு முதற்காரணம் அதுதான்.

அன்றாடக் கணக்குகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ‘ஃபாக்டர்’ என்ற கட்டளைக்கு 360-ஐக் கொடுத்தால், பகாக் காரணிகளான 2, 3, 5 ஒரு நிரலிலும், அவற்றின் அடுக்குகளான 3, 2, 1 அடுத்த நிரலிலும் வருகின்றன. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 = 24 என்று காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும் விதியை, ‘டிவைசர்ஸ்’ கட்டளை தரும் பட்டியலோடு மாணவர்கள் உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதிர்ம முழு எண்ணைக் கொடுத்தால் −1 தனி வரியாக வருவதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. மடங்குகளுக்கென்று தனிக் கட்டளை இல்லை; ஒரு வரியில் நாமே எழுதிக்கொள்ளலாம். 84, 120 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 840 என்பதற்கு மட்டும் நேரடிக் கட்டளை உண்டு.

பகா எண் சோதனைதான் இந்த மென்பொருளின் செழிப்பான பகுதி. 2-இன் 340-ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. பகா எண் ஒன்றால் வகுபடாத அடிமானத்தை, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதனாலேயே வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதே ஃபெர்மா சோதனை; அதில் 341 தேறிவிடுகிறது. ஆனால் அது 11 × 31. அடிமானத்தை 3 ஆக்கினால் மீதி 56 என்று வந்து குட்டு வெளிப்படுகிறது. 561 = 3 × 11 × 17 இன்னும் வலியது: அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை எடுத்தாலும் இந்தச் சோதனையில் அது தேறிவிடும். இவற்றைத் திரையில் செய்து காட்டிய பிறகு, ‘இஸ்சூடோபிரைம்’, ‘இஸ்பிரைம்’ என்று இரண்டு கட்டளைகள் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. முன்னது செய்யும் பெய்லி–பொமரன்ஸ்–செல்ஃப்ரிட்ஜ்–வாக்ஸ்டாஃப் சோதனை 2-இன் 64-ஆம் அடுக்கு வரை தவறுவதில்லை என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு அப்பால் விதிவிலக்கு எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்றாலும், அது நிறுவல் ஆகாது. பின்னது நிறுவலையே தருகிறது. பெரிய எண்களைக் கையாள்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: ‘ஃபாக்டர்’ தரும் பெரிய காரணிகள், இயல்பமைப்பில், முன்னதில் தேறியவை மட்டுமே. நிறுவல் வேண்டுமென்றால் ‘ஃபாக்டர் புரூவன்’ அமைப்பை 1 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

சோதிப்பதும் காரணி காண்பதும் வெவ்வேறு அளவு கடினமானவை என்பதையும் இதில் கண்கூடாகப் பார்க்கலாம். 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று கணித அறிஞர் மெர்சென் 1644-இல் பட்டியலிட்டார். அது பகு எண் என்று லூகாஸ் 1876-இல் காட்டியபோதும் காரணிகள் அவர் கைக்கு எட்டவில்லை. 1903-இல்தான் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். பாரி அதைக் கண்ணிமைப்பதற்குள் பிரித்துவிடுகிறது. ஆனால் 157 இலக்கங்கள் கொண்ட, 2-இன் 521-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று விரைவில் நிறுவிவிடும் அதே கணினியில், ஏறத்தாழச் சம அளவுள்ள இரு பகா எண்களைப் பெருக்கி வந்த 157 இலக்க எண்ணைப் பிரிக்க முயல்வது வீண். அத்தகைய எண்களில் 60 இலக்கம் வரை காத்திருப்பு பொருட்டே இல்லை; 100-ஐத் தாண்டினால் மிகப் பெரிய எண்களைப் பிரிப்பதற்கான எண்புலச் சல்லடை முறையைக் கையாளும் ‘காடோ என்எஃப்எஸ்’ போன்ற தனி மென்பொருளை நாடுவதே முறை.

படங்களோ பொத்தான்களோ இல்லாத வெறும் எழுத்துத் திரை புதியவர்களைத் தயங்க வைக்கிறது. 1 முதல் 30 வரையான எண்களின் தொடர் பெருக்கத்துக்கு 23,32,800 காரணிகள் உண்டு. அத்தகைய பட்டியலைக் கேட்கும் முன் ஒதுக்கிய நினைவகத்தைப் பெருக்க வேண்டியிருக்கும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் தரும் ‘நம்டிவ்’ கட்டளையை முதலில் பழகிக்கொள்வது நல்லது. மென்பொருளைக் கணினியில் நிறுவாமலே பார்க்க விரும்புவோருக்கு அதிகாரபூர்வத் தளத்தில் உலாவிப் பதிப்பும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குப் ‘பாரிடிராய்டு’ செயலியும் உள்ளன.